வெர்டியின் கைக்குப் பொருந்திய துப்பாக்கி

கென்டக்கியில் எங்கள் மட்லிக் பள்ளிக்கூடத்தில் படித்த யாரையாவது நிறுத்தி, சின்ன வயதில் உனக்குச் சாப்பாடு போட்டது யார் என்று கேட்டால், பெற்ற தாய்க்கு முன்னால் மிஸ் வெர்டியின் பேர்தான் வாயில் வரும். கல்யாணமானவள்தான், எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு மிஸ் என்போம். மாவட்ட நீதிபதியிலிருந்து மாவட்டச் சிறையில் கம்பி எண்ணுகிறவன் வரை அத்தனை பேரும் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நின்றவர்கள். எந்தப் பையனுக்குப் பட்டாணி பிடிக்காது, எந்தப் பெண்ணுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எவர் வீட்டில் சனி ஞாயிறு அடுப்பு எரியாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளையின் தட்டில் வெள்ளிக்கிழமை பன் ஒன்று கூடுதலாக விழும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ் ஓட்டினேன். என் பேர் நெட்டி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வெர்டி ஸ்டாம்பர் கிறுக்குப் பிடித்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள் என்றும் இப்போது சொல்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? நடந்தது எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

அவள் புருஷன் பர்ல் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். கரித்தூள் நெஞ்சில் படிந்து, கடைசி வருஷங்களில் மூக்கில் குழாயோடு நாற்காலியில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். "நீ போய்ட்டு வா நெட்டி. அவரைத் தனியா விட்டுட்டு வர முடியாது" என்பாள். எத்தனை ஞாயிறு இந்தப் பதிலைக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பர்ல் போனான். அடக்கத்தின் நேரத்தைப் பத்திரிகையில் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் இரங்கல் அறிவிப்பை முதலில் படிப்பது சொந்தக்காரர்கள் இல்லை, திருடர்கள். எந்த நேரத்தில் எந்த வீடு காலியாக இருக்கும் என்று அதில்தானே இருக்கிறது! நாங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் பர்லுக்கு மண் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் எவனோ பின்கதவை உடைத்து, பர்லின் வலி மாத்திரைகளையும் மான் வேட்டைக்கு வைத்திருந்த இரண்டு நீளத் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். டி.வி. இருந்த இடத்தில் இருந்தது. மாத்திரை, துப்பாக்கி, இந்த இரண்டையும்தான் எங்கள் ஊர்த் திருடன் தேடுவான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துமா பிறகு அப்படிச் செய்தோம் என்று கேட்டால், ஆமாம், தெரிந்துதான் செய்தோம்.

லெக்சிங்டனிலிருந்து அடக்கத்துக்கு வந்திருந்த மகள் ஷானா அன்றைக்கே அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடைக்கத் தொடங்கிவிட்டாள். வெர்டி ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பர்ல் தன் கையால் கட்டிய வீடு. அந்த மேட்டில் அவன் பக்கத்தில் தனக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறது. அங்கே போகிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றாள். வாழ்க்கையில் அவள் பிடிவாதம் பிடித்து நான் பார்த்தது அது ஒன்றுக்குத்தான். கடைசியில் மகள் ஒரு கெடு வைத்தாள். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும். நவம்பர் மாதம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வரும்போது பார்ப்பேன். முடியவில்லை என்றால் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றாள்.

வெர்டி அதுவரைக்கும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. வீட்டில் இருந்தது, அலமாரியில் துடைப்பம் இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பர்லின் தம்பி டெல்மர் ஆணி, பெயின்ட், துப்பாக்கி எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையில் துப்பாக்கி அடுக்கிய கண்ணாடி மேஜை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எப்போதும் நாலைந்து ஆம்பளைகள் நிற்பார்கள். எதுவும் வாங்க மாட்டார்கள். யாராவது முதல் துப்பாக்கி வாங்க வந்தால் போதும், பெண் பார்க்க வந்த வீட்டில் மாதிரி ஆளுக்கொரு நாட்டாமை. நைன் எம்.எம். தோட்டா போடுகிறதுதான் வேண்டும் என்று ஒருவன். அதைவிடப் பெரிய ஃபார்ட்டிஃபைவுக்குக் கீழே எதுவும் பொம்மை என்று இன்னொருவன். வெர்டி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையை யாரும் பார்க்கவில்லை. வாழ்நாள் பூராவும் கொதிக்கிற இரும்புத் தட்டுகளைத் தூக்கித் தூக்கி விரல் மூட்டெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக ஆகிவிட்ட கை அது. காலையில் பால் புட்டியின் மூடியைத் திறக்க மாட்டாமல் பல்லால் கடித்துத் திறப்பாள்.

டெல்மர் உள்ளேயிருந்து ஊதாப்பூ நிறப் பிடி போட்ட குட்டி ரிவால்வர் ஒன்றை எடுத்து வந்தான். "அண்ணி, உங்க கைக்குச் சின்னதுதான் சரி. கைப்பையில போட்டா இருக்கிற எடமே தெரியாது" என்றான்.

"ஏன் டெல்மர், கூட லிப்ஸ்டிக்கும் தருவியா?" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வெர்டி அதைத்தான் வாங்கினாள். கொழுந்தன் பிரியமாக எடுத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

வியாழக்கிழமைகளில் எங்கள் கிளப்பின் சுடுதளம் பெண்களுக்கு. அதை நடத்துவது நான். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கையளவு துப்பாக்கி என்றால் சாதுவாக இருக்கும் என்று நினைப்பது எங்கள் ஆம்பளைகளின் பரம்பரை மடத்தனம். கனமான துப்பாக்கி, சுடும்போது பின்னுக்குத் தள்ளுகிற உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானது அத்தனையையும் கையில் இறக்கிவிடும். அதோடு விரலால் இழுக்கிற அந்த விசை இருக்கிறதே, கல்! இரண்டு கை விரலையும் சேர்த்து வைத்து இழுத்தால்தான் அசைந்தது. சுட்டபோது தோட்டா எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வெர்டி எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். தட்டைக் கீழே போட்டு உடைத்த சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊதாப்பூவை டெல்மர் வாயிலேயே திணித்துவிட்டு வரலாம் போலிருந்தது.

அப்புறம் அந்தக் கோடை முழுக்கத் தேடினோம். வியாழக்கிழமைப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன்னுடையதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, இதைப் பிடித்துப் பாருங்கள் மிஸ் வெர்டி என்பார்கள். பெரும்பாலும் மேல் இரும்பைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறுகிற வகை. அவள் விரல் வழுக்கிவிடும். பல்லைக் கடித்து இழுப்பாள், பாதி வரும், சடக்கென்று திரும்பி விரலைக் கடித்துவிடும். செப்டம்பர் முடியும்போது அவளே சலித்துப்போய், ஷானாவோடு போய்விடுகிறேன், இது என் கைக்கு விதித்ததில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம்தான் டெல்மர் கடையின் அடித்தட்டில், தூசி படிந்து கிடந்த ஒரு பழைய பிஸ்டலைப் பார்த்தேன். பாயிண்ட் டூ டூ. இருக்கிறதிலேயே சின்னத் தோட்டா. நீள மூக்கு, நல்ல கனம், இலக்கு சுடுகிறவர்களுக்காகச் செய்தது. மேல் இரும்பு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இரண்டு விரலுக்கு வந்தது. வெர்டியைக் கூட்டிவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அந்தப் பிடியைச் சுற்றி மூடின. மூடியபின் அப்படியே நின்றாள்.

"நெட்டி, இது என் கையைக் கேட்டுக்கிட்டுச் செஞ்ச மாதிரி இருக்கு. வலிக்கவே இல்ல" என்றாள்.

மேஜையில் சாய்ந்திருந்தவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். டெல்மர், "அணில் வந்து கதவ ஒடச்சா உதவும் அண்ணி" என்றான்.

"நீயே நெத்தியில அணில் படத்த ஒட்டிக்கிட்டு அந்தக் கோடியில போய் நில்லேன், உதவுதான்னு பாப்போம்" என்றேன். அவன் பிஸ்டலின் தூசியைத் துடைத்து வெர்டிக்குப் பில் போட்டான்.

அதற்குப் பிறகு வெர்டி சுட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழம்பு சிந்தாமல் நூறு தட்டுக்கு ஊற்றிய கை அல்லவா! மூச்சைப் பாதியில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, விசையை எப்போது இழுத்தாள் என்றே தெரியாமல் இழுப்பாள். இலக்குத் தாளின் நடுவில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு காசு அகலத்துக்கு ஒரே பொத்தலாகிவிடும். இத்தனை வயசுக்கு அப்புறம் தனக்கென்று ஒன்று வந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்காத, தனக்கே தனக்கான ஒன்று. வியாழக்கிழமை காலையில் எனக்கு முன்னால் வாசலில் வந்து நிற்பாள். அவள் சத்தமாகச் சிரித்ததை அந்தச் சுடுதளத்தில்தான் முதல் முறை கேட்டேன்.

ஒன்றுக்கு மட்டும் மசிய மாட்டாள். வட்டம் போட்ட தாளைத்தான் சுடுவாள். மனுஷ உருவம் அச்சடித்த தாளை மாட்டினால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவாள். அது வெறும் தாள்தானே, முகம்கூட இல்லையே என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல என் வீட்டுக் கதவ ஒடைக்கிறவன் யாரா இருந்தாலும் என்கிட்ட சாப்பிட்டவனாத்தான் இருப்பான். எந்த முகத்த வெச்சு நான் சுடறது?" என்றாள்.

அப்புறம் எதற்கடி இந்தத் துப்பாக்கி என்று கேட்டதற்கு, சத்தம் கேட்டால் ஓடிவிடுவான் என்றாள். ஷானா கேட்டது துப்பாக்கியைத்தானே, சுடுவேனா மாட்டேனா என்று கேட்கவில்லையே என்றும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்புதான் வந்தது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்த ஷானா, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். நடுவில் ஒரே பொத்தல். நீயா அம்மா என்று கேட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டி எடுக்காமல் திரும்பிப் போனாள். வீடு வெர்டிக்கு நின்றது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்.

கேலி செய்த டெல்மருக்கே இப்போது அண்ணியைப் பற்றி ஒரே பெருமை. கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு தகரப் பலகை கொண்டுவந்தான். துப்பாக்கி படம் போட்டு, இந்த வீட்டில் போலீசைக் கூப்பிட மாட்டோம், இதைத்தான் எடுப்போம் என்று எழுதியிருந்தது. அவனே வாசல் தூணில் ஆணி அடித்து மாட்டினான். அவள் கார்க் கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கர் ஒன்று. கடையில் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. எங்களில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. எங்கள் ரோட்டில் பாதி வாசலில் அந்தப் பலகை தொங்குகிறது. என் வண்டிக் கண்ணாடியிலும் கிளப்பின் ஸ்டிக்கர் இருக்கிறது. திருடன் படித்தால் பயப்படுவான் என்று நினைக்கிறோம். எந்த வீட்டில் எது இருக்கிறது என்று ஊரைக் கூட்டித் தமுக்கு அடித்துச் சொல்கிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. வெர்டிக்கு அந்தப் பலகை பிடிக்கவில்லை. மனுஷன் ஆசையாகக் கொண்டுவந்தானே என்று விட்டுவிட்டாள்.

சர்ச்சுக்கு அவள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வர மாட்டாள். எங்கள் சர்ச்சில் பாதி ஆம்பளைகளின் கோட்டுக்குள் ஒன்று இருக்கும், பாதிரியாருக்கே தெரியும். ஆண்டவர் முன்னால் வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்பாள் அவள். பர்ல் போனபின் ஒரு ஞாயிறு தவறாமல் என் வண்டியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். துப்பாக்கி கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில், பைபிளுக்கு அடியில் இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அவளை இறக்கிவிட்டபோது பின்கதவு திறந்து கிடந்தது. டி.வி. இருந்தது. சில்லறை போட்டு வைத்த ஜாடி இருந்தது. பைபிளை எடுத்துத் தலையணைமேல் நேராக வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துப் போயிருந்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் வெர்டி அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் மட்டும் பிறகு இன்னொன்று சொன்னாள். அடுப்பில் வாணலியில் இருந்த சோள ரொட்டியில் ஒரு துண்டு இல்லை. வெட்டி எடுத்துக்கொண்டு, ஆறிப்போகாமல் மறுபடி மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "நல்லா வளந்த பிள்ளைதான் நெட்டி" என்றாள்.

டெல்மர் வந்து பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குங்க அண்ணி. அடுத்து வாங்கும்போது ரெண்டா வாங்கிருங்க" என்றான். அவனை அடிக்காமல் விட்டது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டப்பகலில், ரோடு பிரிகிற இடத்தில் இருக்கிற பெட்ரோல் பங்கில் மிஸ்டி கவுன்ட்ஸைச் சுட்டுவிட்டார்கள். அங்கே கல்லாவில் இருந்தவள். இடுப்பில் கைக்குழந்தை இருக்கிற வயசு. சுட்டவன் ஜாரட் பேக். மாத்திரைக்கு அடிமையாகி எலும்பும் தோலுமாகத் திரிந்தவன். இரண்டு பேரும் என் பஸ்ஸில் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள். அவன் துப்பாக்கியைக் காட்டிப் பணம் கேட்டபோது மிஸ்டி சிரித்தாளாம், போடா ஜாரட், வேலையைப் பார் என்றாளாம். ஜாரட்டாவது சுடுவதாவது என்று நினைத்திருப்பாள். அணில் துப்பாக்கி என்று டெல்மர் சொன்னானே, அந்தத் தோட்டாவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவரும் தட்டு நீட்டியவர்தான். "மிஸ் வெர்டி, அது உங்களோடதுதான்" என்றார். யார் யாரை என்று வெர்டி கேட்டாள். இரண்டு பேரையும் சொன்னார். அவள் சமையலறை நாற்காலியில் மெள்ள உட்கார்ந்தாள்.

"மிஸ்டிக்குப் பால் ஒத்துக்காது. ஜாரட்டுக்கு வெள்ளிக்கிழமை ரெண்டு பன்" என்றாள்.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு செய்து அனுப்புவது எங்கள் வழக்கம். வெர்டி ஒரு பெரிய பாத்திரம் நிறையச் செய்தாள். கொண்டுபோகக் கால் வரவில்லை, என்னிடம் கொடுத்து அனுப்பினாள். மிஸ்டியின் அம்மா வாங்கிக்கொண்டாள். நாலு நாள் கழித்துப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வெர்டி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போயிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று வெர்டி என்னிடம் சொன்னாள். அன்றைக்கே தூணிலிருந்த தகரப் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். வியாழக்கிழமைக்கு வருவது நின்றது.

ஜாரட் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வெளியே வரும்போது அவன் கிழவனாக இருப்பான். வெர்டி வீட்டை விற்பதற்குச் சம்மதித்தாள். ஷானா வந்து பெட்டி கட்டினாள், இந்தத் தடவை எதையும் வெர்டி திரும்ப எடுத்து வைக்கவில்லை. அவள் கொண்ட ஒரே பிடிவாதமும் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. போகட்டும், பேரப்பிள்ளைகளோடாவது இருக்கட்டும் என்று என் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது போலீஸ் நிலையமான ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போன். வழக்கு முடிந்துவிட்டது மிஸ் வெர்டி, உங்கள் பொருளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். எனக்கு வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள் என்றாள் வெர்டி. எங்கள் கென்டக்கியில் அது நடக்காது. யாரும் வாங்காத துப்பாக்கி ஏலத்துக்குப் போய்விடும், சட்டமே அப்படித்தான். இன்னொருத்தன் கைக்குப் போகும். இதைக் கேட்டதும் வெர்டி கோட்டை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். மளிகைச் சாமான் மாதிரி பழுப்புக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அது அவள் மடியில் இருந்தது.

நேராக டெல்மர் கடைக்குப் போகச் சொன்னாள். அவன் கடைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை இருக்கிறது. இதை வெட்டிப் போடு என்றாள். பால் கறக்கிற மாட்டை வெட்டச் சொன்னதுபோல் அவன் முகம் போயிற்று. நல்ல சாமான் அண்ணி என்றான். இந்தக் காலத்தில் இப்படி யாரும் செய்வதில்லை என்றான். தப்பு பண்ணினவன் அவன், துப்பாக்கி என்ன பண்ணும் என்றான். டெல்மர் கெட்டவன் இல்லை, அவன் மட்டும் அப்படி இல்லை. எங்கள் ஊரில் பைபிளைக் கிழிக்கச் சொன்னாலும் நல்ல துப்பாக்கியை வெட்டச் சொன்னாலும் ஒன்றுதான். கடைசியில், "விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் கண் அந்தப் பையின்மேல் இருந்ததை வெர்டி பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"என் கண்ணு முன்னாடி வெட்டு" என்றாள். அவன் வெல்டிங் சுடரைப் பற்ற வைக்கவில்லை.

சரி, என் வீட்டுக்கு வா என்றேன். எங்கள் கொட்டகையில் இரும்பு அறுக்கிற எந்திரம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிருந்தார், நல்லதாகப் போயிற்று. துப்பாக்கியை இடுக்கியில் வைத்து முறுக்கப்போன நேரத்தில் ஒரு நிமிஷம் என்றாள். கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அந்தப் பிடியைச் சுற்றி மூடின.

"இன்னும் பொருந்துது நெட்டி" என்றாள். கண்ணிலிருந்து கொட்டிற்று. "அந்தப் பொண்ணைக் கொன்னது இது. இதப் பிடிச்சா எனக்குக் கை வலிக்கல. காலையிலேர்ந்து இப்பத்தான் வலிக்கல. நான் என்ன ஜென்மம்?"

நான் எந்திரத்தின் வயரைப் பிடுங்கினேன். வேறு என்ன செய்ய? அவள் அதைத் திரும்பப் பையில் போட்டு, வாயை இரண்டு தடவை மடித்து மூடினாள்.

என்னிடம் இருக்கட்டும் என்றேன். அவள் என் வண்டிக் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். அதைப் படிக்கிற திருடன் என் வீட்டுக்கும் வருவான். ஆற்றில் போடலாமா என்றேன். ஆகஸ்டில் தண்ணீர் வற்றும், கயிற்றில் காந்தத்தைக் கட்டி ஆற்றில் இரும்பு தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். ஒவ்வொரு வழியையும் அவள் ஏற்கனவே நடந்து பார்த்துத் திரும்பியிருந்தாள்.

துப்பாக்கியும் கூட வரும் என்று வெர்டி சொன்னதும் ஷானா போனில் கத்தியது எனக்கே கேட்டது. என் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் அது வரக் கூடாது, யாரிடமாவது கொடுத்துவிட்டு வா என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. போன வருஷம் துப்பாக்கி இல்லை என்பதற்காக வீட்டை விட்டு வா என்றவள், இப்போது துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக வராதே என்கிறாள். வெர்டி போனை வைத்துவிட்டு வெளியே போய், வீடு விற்பனைக்கு என்று நட்டிருந்த பலகையைப் பிடுங்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்தாள். ஆசைப்பட்டபடி வீடு அவளுக்கே நின்றுவிட்டது. இப்படி ஒரு வரத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன்.

கட்டின பெட்டிகள் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. சாமான் வாங்க அவள் கடைக்குப் போவதில்லை, நான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சுடவும் இல்லை. எப்போதாவது சமையலறையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

போன ஞாயிறும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். வர மாட்டாள் என்று தெரியும், ஆனாலும் அடித்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வருஷக்கணக்காகக் கேட்ட அதே குரலில்தான் சொன்னாள்.

"நீ போய்ட்டு வா நெட்டி. அதைத் தனியா விட்டுட்டு வர முடியாது."